போர்ப் படங்கள்: குழப்பத்தைக் காட்டிவிடுகிறார்கள், வீண் என்பதைக் காட்டுகிறார்களா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு படம் பார்க்கிறோம். மற்ற படங்களுக்கு டீ குடித்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள். போர்ப் படம் போட்டால் மட்டும் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே ஒரு மணி நேரம் பேசுவார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளும், என்னால் முடிந்த பதில்களும் இவை. பல படங்களின் முடிவைச் சொல்லியிருக்கிறேன். முடிவு தெரியக் கூடாது என்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ரத்தமும் சிதறிய உடலுமாகக் காட்டினாலே அது போருக்கு எதிரான படம்தானே?

அப்படிச் சொல்ல முடியாது. கலிங்கத்துப்பரணியை விடவா கோரம் வேண்டும்? பேய்கள் களத்தில் இறங்கி, உதிர்ந்து கிடக்கும் யானைத் தந்தத்தால் பல் விளக்குகின்றன, விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன. பிறகு பிணங்களைக் கொண்டு கூழ் காய்ச்சிப் பந்தி போட்டுக் குடிக்கின்றன. அவ்வளவையும் முடித்துவிட்டு என்ன செய்கின்றன? குலோத்துங்கனை வாழ்த்திப் பாடுகின்றன. கோரமும் புகழும் ஒரே பந்தியில் உட்காரும் என்பது செயங்கொண்டாருக்குத் தெரிந்திருந்தது.

நான் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பேன். ஒன்று குழப்பம்: யார் எங்கிருந்து சுடுகிறார்கள், யார் உத்தரவு போடுகிறார்கள், நாம் எங்கே நிற்கிறோம் என்று எதுவும் புரியாத நிலை. இன்னொன்று வீண்: இத்தனை பேர் செத்து என்ன ஆயிற்று என்ற கேள்வி. குழப்பத்தைக் கேமராவும் ஒலியும் பார்த்துக்கொள்ளும். காசும் திறமையும் இருந்தால் யாரும் எடுத்துவிடலாம். வீண் என்பதைக் காட்டுவது கதை சொல்பவரின் வேலை. அங்கேதான் பல படங்கள் கடைசிப் பத்து நிமிடத்தில் கைவிட்டுவிடுகின்றன.

நவீனப் போரில் அப்படி என்ன புதுக் குழப்பம்? பழைய போர்களில் இல்லாததா?

பழைய போரிலும் புழுதியும் ஓட்டமும் இருந்தன. ஆனால் வெட்டுகிறவன் முகம் தெரிந்தது. இயந்திரத் துப்பாக்கியும் நெடுந்தூரப் பீரங்கியும் வந்தபின், கொல்கிறவன் சில கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து கணக்குப் போடுகிறான். சாகிறவனுக்கு எதிரி என்று ஒரு ஆளே கண்ணில் படுவதில்லை. சினிமாவுக்கு இது பெரிய தலைவலி. கதாநாயகனுக்கு எதிரே நிறுத்த வில்லன் கிடையாது, மண் வெடிப்பது மட்டும்தான்.

இன்னொரு வகைக் குழப்பம் தகவலால் வருவது. 1993 அக்டோபர் 3 அன்று சோமாலியத் தலைநகர் மொகதிஷுவில் நடந்ததைப் பாருங்கள். அய்தீத் என்ற படைத் தலைவரின் இரண்டு கூட்டாளிகளைப் பிடித்து வர அமெரிக்கப் படை மதியம் கிளம்பியது. ஒரு மணி நேர வேலை என்று நினைத்ததால் பலர் இரவில் பார்க்க உதவும் கருவியையும் தண்ணீர்க் குப்பியையும் முகாமிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு ஹெலிகாப்டர்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன. விழுந்த இடத்துக்குப் போக வேண்டிய வண்டிகளுக்கு, மேலே பறந்த கண்காணிப்பு விமானம் வழி சொல்ல வேண்டும். ஆனால் நேரடியாகச் சொல்ல வழியில்லை. விமானம் தலைமை அறைக்குச் சொல்லி, அங்கிருந்து சுற்றி வந்து வண்டிக்குச் சேர்வதற்குள் திரும்ப வேண்டிய சந்து தாண்டிப்போயிருக்கும். ‘இடது பக்கம் திரும்பு’ என்று காதில் விழும்போது வண்டி அடுத்த தெருவில் இருக்கும், திரும்பினால் அங்கே ஒரு கும்பல் துப்பாக்கியோடு காத்திருக்கும். வானத்திலிருந்து எல்லாம் தெரிகிறது, தரையில் ஒன்றும் தெரியவில்லை. 2001இல் ரிட்லி ஸ்காட் எடுத்த ‘பிளாக் ஹாக் டவுன்’ படத்தில் எனக்குப் பிடித்தது இந்தப் பகுதிதான். வெடிச் சத்தத்தை விட, தாமதமாக வந்த ஒரு வார்த்தை அதிகம் பயமுறுத்துகிறது.

‘சேவிங் பிரைவேட் ரையன்’ தொடக்கக் காட்சி ஏன் அப்படி உலுக்குகிறது? கேமராவில் என்ன செய்தார்கள்?

1944 ஜூன் 6, இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படை கரையிறங்கிய, பிரான்ஸின் நார்மண்டியில் உள்ள ஒமாஹா கடற்கரை. ஸ்பீல்பெர்க் 1998இல் எடுத்த அந்தக் காட்சி சுமார் 25 நிமிடம் ஓடும். ஒளிப்பதிவாளர் யானுஷ் கமின்ஸ்கி செய்த முக்கியமான வேலை ஷட்டரில், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வெளிச்சத்தைத் திறந்து மூடும் தட்டில். சாதாரணமாக சினிமா கேமராவின் ஷட்டர் 180 டிகிரி திறந்திருக்கும். ஒவ்வொரு ஃப்ரேமிலும் அசைவு கொஞ்சம் கலங்கிப் பதியும், அதனால்தான் நம் கண்ணுக்கு ஓட்டம் வழுவழுவென்று தெரிகிறது. அவர் அதை 90 டிகிரிக்கும், சில இடங்களில் 45 டிகிரிக்கும் குறைத்தார். கலங்கல் போய்விட்டது. குண்டு விழுந்து மணல் எழும்பினால் ஒவ்வொரு மணலும் தனித்தனியாக வெட்டி வெட்டித் தெரியும். ஓடுகிறவன் ஓடுவதாகவே தோன்றாது, விட்டுவிட்டுத் துடிப்பதாகத் தோன்றும். லென்ஸின் மேல்பூச்சையும் நீக்கியதால் வெளிச்சம் சிதறி, பழைய செய்திப்படம் போன்ற ஒரு மங்கல் வந்தது.

பின்னணி இசை கிடையாது என்பதைக் கவனியுங்கள். இசை இருந்தால் இப்போது பயப்படு, இப்போது அழு என்று நமக்குக் கை காட்டும். அது இல்லாததால் நாமும் மணலில் கிடக்கிறவனைப் போல விழிக்கிறோம்.

அப்படியானால் அது போருக்கு எதிரான படமா?

அந்த 25 நிமிடம் எதிரானது. மீதிப் படம் அப்படியில்லை. அமெரிக்கக் கொடியில் தொடங்கிக் கொடியில் முடிகிறது. பிழைத்தவன் கல்லறை முன் நின்று, தனக்காகச் செத்தவர்களின் தியாகத்துக்குத் தகுதியாக வாழ்ந்தோமா என்று கேட்கிறான். குழப்பம் இருக்கிறது, வீண் இல்லை. அது குறை என்று சொல்ல மாட்டேன். நாஜிகளை எதிர்த்த போரை வீண் என்று சொல்ல ஸ்பீல்பெர்க்குக்கு மனம் வராது, வரவும் வேண்டியதில்லை.

காதில் ‘ங்ஙொய்’ என்று ஒரு சத்தம் வருகிறதே, அது எல்லாப் படத்திலும் ஏன்?

பக்கத்தில் குண்டு வெடித்தால் காது அடைத்து அந்த இரைச்சல் வருவது உண்மை. இப்போது அதைத் தேய்த்துத் தேய்த்து, சாதாரண மசாலாப் படச் சண்டையில்கூடப் போட்டுவிடுகிறார்கள். அதைச் சரியாகப் பயன்படுத்திய படம் என்றால் ‘கம் அண்ட் சீ’யைத்தான் சொல்வேன். 1985, சோவியத் இயக்குநர் எலெம் கிளிமோவ். 1943இல் ஜெர்மன் பிடியில் இருந்த பெலாருஸ்தான் களம். காட்டில் குண்டு விழுந்ததும் ஃப்ளியோரா என்ற பையனுக்குக் காது போகிறது. நமக்கும் போகிறது. பக்கத்தில் இருக்கும் பெண் வாயசைப்பது தெரியும், வார்த்தை கேட்காது. மற்ற படங்களில் அரை நிமிடத்தில் தெளிந்துவிடும். இதில் இரைச்சல் விடாமல் கூடவே வந்து, நமக்கே எரிச்சல் வந்துவிடும். அந்த எரிச்சல்தான் கிளிமோவ் கேட்டது.

பையனின் முகத்தையும் பாருங்கள். படத்தின் தொடக்கத்தில் பால் மணம் மாறாத சிரிப்பு, கடைசியில் கிழவனின் சுருக்கம். இடையில் கதைப்படி சில நாட்கள்தான் ஓடியிருக்கும். 628 பெலாருஸ் கிராமங்கள் மக்களோடு எரிக்கப்பட்டன என்ற வரியோடு படம் முடிகிறது. கிளிமோவ் அதற்குப் பிறகு படமே எடுக்கவில்லை.

வியட்நாம் போரைப் பற்றிய ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்தின் ஹெலிகாப்டர் காட்சிக்கு ஜனங்கள் கைதட்டுகிறார்களே? அதுவும் போர் எதிர்ப்புப் படம்தானே?

இந்தக் கேள்விக்குச் சினிமாவே ஒரு பதில் சொல்லியிருக்கிறது. சாம் மெண்டஸின் ‘ஜார்ஹெட்’ (2005) படத்தில், வளைகுடாப் போருக்குப் போகக் காத்திருக்கும் அமெரிக்கச் சிப்பாய்கள் ஒரு கொட்டகையில் உட்கார்ந்து இதே ஹெலிகாப்டர் காட்சியைப் பார்க்கிறார்கள். வாக்னரின் இசை எழும்போது கூடவே பாடுகிறார்கள், கிராமம் எரியும்போது கூத்தாடுகிறார்கள். எதிர்ப்பாக எடுத்த காட்சி அவர்களுக்கு விருந்தாகிவிட்டது. பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோ 1973இல் ஒரு பேட்டியில், போர் எதிர்ப்புப் படம் என்று ஒன்றைத் தான் பார்த்ததே இல்லை என்ற பொருளில் சொன்னது இதனால்தான். திரையில் சண்டை வந்தாலே நம் ரத்தம் சூடாகிவிடுகிறது. எங்கள் கூட்டத்திலேயே விசில் அடித்தவர் உண்டு. பெயர் சொல்லவில்லை, அவரே இதைப் படிப்பார்.

ஆனால் கப்போலாவின் அந்தப் படத்திலேயே கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு காட்சி இருக்கிறது. டோ லுங் பாலம். அமெரிக்கர்கள் அதைக் கட்டுவார்கள், எதிரி உடைப்பான், மறுபடி கட்டுவார்கள். சாலை திறந்திருக்கிறது என்று தளபதிகள் சொல்லிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் காரணம். இருட்டில் வண்ண விளக்குகள் தொங்க, ஏதோ திருவிழாக் கடைவீதி மாதிரி இருக்கிறது. கதாநாயகன் பதுங்குகுழியில் ஒரு சிப்பாயிடம் ‘இங்கே யார் தலைமை?’ என்று கேட்கிறான். ‘நீங்கள் இல்லையா?’ என்று திருப்பிக் கேட்கிறான் அவன். இந்தக் காட்சிக்கு யாரும் கைதட்டிப் பார்த்ததில்லை.

‘ஜார்ஹெட்’டின் தந்திரம் இன்னும் எளிமையானது. கதாநாயகன் பயிற்சி பெற்ற ஸ்னைப்பர், தூரத்தில் மறைந்திருந்து குறி பார்த்துச் சுடுகிறவன். கடைசிவரை ஒரு குண்டுகூட எதிரியைச் சுடுவதில்லை. சுடப்போகும் நேரத்தில் விமானம் வந்து முடித்துவிடுகிறது. சண்டைக்காகக் காத்திருந்த பார்வையாளனுக்கும் அதே ஏமாற்றம்.

சரி, வீண் என்பதைக் காட்டிய படம் என்று ஒன்று சொல்லுங்கள்.

‘ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரன்ட்’. முதல் உலகப்போரின் ஜெர்மன் சிப்பாய்களைப் பற்றிய ரெமார்க்கின் நாவலிலிருந்து வந்த படங்களில் இரண்டு: 1930இல் லூயிஸ் மைல்ஸ்டோன் எடுத்தது, 2022இல் எட்வர்ட் பெர்கர் ஜெர்மனில் எடுத்தது.

புதிய படத்தின் முதல் சில நிமிடங்களை மட்டும் தனியாகப் போட்டுக் காட்டலாம். ஒரு சிப்பாய் சாகிறான். கதை அவனை விட்டுவிட்டு அவன் சட்டையோடு போகிறது. பிணங்களிலிருந்து உருவிய உடைகளை மூட்டை கட்டி ரயிலில் ஏற்றுகிறார்கள். பெரிய தொட்டிகளில் துவைக்கிறார்கள், தண்ணீர் சிவக்கிறது. வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள், பெண்கள் குண்டு துளைத்த ஓட்டைகளை அடைக்கிறார்கள். பிறகு பள்ளி முடித்த கையோடு ஆசையாகப் படையில் சேர வரும் பால் என்ற பையனின் கைக்கு அந்தச் சட்டை போகிறது. காலரில் வேறு யாரோ பெயர். ‘இது இன்னொருத்தருடையது’ என்கிறான். ‘அவனுக்கு அளவு பற்றியிருக்காது’ என்று சொல்லி, அதிகாரி பெயர்ச்சீட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு நீட்டுகிறார். பையன் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறான். ஒரு வெடிச் சத்தமும் இல்லை. தையல் மெஷின் ஓடும் சத்தம்தான். நாவலில் இல்லாத இந்தப் பகுதிதான் இந்தப் படத்தின் உயிர் என்பேன்.

அந்தப் படத்தின் முடிவில், போர் முடிய சில நிமிடம் இருக்கும்போது ஜெர்மன் தளபதி தாக்கச் சொல்கிறாரே, அது நடந்ததா?

அப்படி நடக்கவில்லை. போர்நிறுத்த ஒப்பந்தம் 1918 நவம்பர் 11 விடிகாலை 5 மணி சுமாருக்குக் கையெழுத்தாகி, பகல் 11 மணிக்கு நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் சண்டை ஓயவில்லை என்பது உண்மை. அந்த ஒரு நாளில் மட்டும் எல்லாத் தரப்பிலுமாகச் சுமார் 2,700 பேர் செத்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஹென்றி குந்தர் என்ற அமெரிக்கர் 10.59க்குச் சுடப்பட்டார். ஆனால் அன்று முன்னேறித் தாக்கியவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்களும் நேச நாட்டினரும்தான். ஜெர்மன் படைக்கு அதற்குத் தெம்பே இல்லை.

எனக்கு அதைவிடப் பெரிய குறை வேறு. நாவலில் பால் சாவது அக்டோபரில், ஒன்றுமே நடக்காத ஒரு நாளில். போர்முனையில் குறிப்பிட ஏதுமில்லை, அமைதி என்று ராணுவ அறிக்கை சொல்கிறது. தலைப்பே அதுதான். 1930 படத்தில் ஒரு பட்டாம்பூச்சியைத் தொடக் கை நீள்கிறது, ஒரு வெடி, கை அடங்குகிறது. அவ்வளவுதான். புதிய படம் அந்த அமைதியை விட்டுவிட்டு, மணி பதினொன்றைத் தொடும் நேரத்தில் ஒரு பெரிய சண்டையை வைக்கிறது. வீண் என்பதைக் காட்டக் கிடைத்த இடத்தில் மறுபடி குழப்பத்தைக் காட்டிவிட்டார்கள்.

1930 படத்துக்கு நாஜிகள் பயந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு டிசம்பரில் பெர்லினில் திரையிட்டபோது கோயபல்ஸின் ஆட்கள் நாற்றக் குண்டு போட்டு, அரங்குக்குள் வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டார்கள். சில நாட்களில் அங்கே தடையும் வந்தது.

ஒரு குன்றுக்காகச் செத்து, பிறகு அதையே விட்டுவிட்டுப் போன கதை ஒன்று உண்டாமே?

வியட்நாமின் 937ஆம் குன்று. 1969 மே 10 முதல் 20 வரை அமெரிக்கப் படை திரும்பத் திரும்ப ஏறிப் பிடித்தது. ஜூன் 5ஆம் தேதி விட்டுவிட்டு இறங்கிவிட்டது. 1987இல் வந்த ‘ஹாம்பர்கர் ஹில்’ உச்சியை அடைவதோடு முடிந்துவிடுகிறது, இறங்கியதைக் காட்டவில்லை. எனக்கு அது ஏமாற்றம். ‘1917’ (2019) இதில் கெட்டி. தாக்குதலை நிறுத்தச் சொல்லும் கடிதத்தை உயிரைக் கொடுத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தால், கர்னல் அலுப்போடு சொல்வது இதுதான்: அடுத்த வாரம் வேறு உத்தரவு வரும், விடிந்ததும் தாக்கு என்று.

எல்லாப் படத்திலும் மேலதிகாரிதான் கெட்டவரா?

அது ஒரு சுலபமான வழி. குப்ரிக்கின் ‘பாத்ஸ் ஆஃப் க்ளோரி’ (1957) அதை நன்றாகவே செய்திருக்கிறது. முதல் உலகப்போரில் பிரெஞ்சுப் படை, பிடிக்கவே முடியாத ஒரு மேட்டைப் பிடிக்கப் போய்த் தோற்கிறது. கோழைத்தனத்துக்குத் தண்டனை என்று மூன்று பேரைத் தேர்ந்தெடுத்துச் சுடுகிறார்கள். ஒருவனைச் சீட்டுக் குலுக்கித்தான் தேர்ந்தெடுத்தார்கள். அவனே பிறகு மண்டை உடைந்து தூக்குப்படுக்கையில் நினைவில்லாமல் கிடக்கிறான். சுடும்போது விழித்திருக்க வேண்டுமாம், கன்னத்தைக் கிள்ளி எழுப்புகிறார்கள். பிரான்ஸில் 1975 வரை இந்தப் படம் திரைக்கு வரவில்லை. கதைக்கு வேரான சம்பவமும் நிஜம்: 1915இல் சுவேன் என்ற இடத்தில் நான்கு பிரெஞ்சுக் கார்ப்பரல்களை அவர்கள் படையே சுட்டது. குற்றமற்றவர்கள் என்று அறிவிக்க 1934 ஆயிற்று.

‘லகான்’ ஆஸ்கரில் தோற்றது ஒரு போர்ப் படத்திடமாமே?

ஆமாம். டானிஸ் தனோவிச் என்ற போஸ்னிய இயக்குநரின் ‘நோ மேன்ஸ் லேண்ட்’ (2001). அப்போது திட்டித் தீர்த்தோம். படத்தைப் பார்த்த பிறகு எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

போஸ்னியப் போர், 1993. இரு தரப்புக்கும் நடுவே யாருக்கும் சொந்தமில்லாத ஓர் அகழி. அதில் ஒரு போஸ்னியனும் ஒரு செர்பியனும் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்றாவதாக இன்னொரு போஸ்னியன் மல்லாந்து கிடக்கிறான். செத்துவிட்டான் என்று நினைத்து அவன் முதுகுக்கடியில் கண்ணிவெடி வைத்துவிட்டார்கள். அவன் சாகவில்லை. அசைந்தால் வெடிக்கும்.

அகழியில் இருவருக்கும் வாக்குவாதம்: போரை ஆரம்பித்தது யார்? போஸ்னியன் கையில் துப்பாக்கி. நீட்டிக் கேட்கிறான். ‘நாங்கள்தான்’ என்று செர்பியன் ஒத்துக்கொள்கிறான். கொஞ்ச நேரத்தில் துப்பாக்கி கை மாறுகிறது. இப்போது அதே கேள்வி, ‘நாங்கள்தான்’ என்று போஸ்னியன் சொல்கிறான். தெருச் சண்டையில் சின்னப் பையன்கள் பேசுகிற மாதிரிதான் இருக்கும், சிரிப்பும் வரும். இன்னோர் இடத்தில் ஒரு சிப்பாய் செய்தித்தாளைப் பார்த்துவிட்டு, ருவாண்டாவில் நிலைமை மோசம் என்று வருத்தப்படுகிறான். தன் தலைக்கு மேல் குண்டு பறக்கிறது.

ஐ.நா. படை வருகிறது, டிவிக்காரர்கள் வருகிறார்கள், வெடி நிபுணர் வருகிறார். அதை எடுக்க முடியாது என்று தெரிகிறது. மற்ற இருவரும் ஒருவரையொருவர் தாக்கப்போய்ச் சாகிறார்கள். எல்லாம் முடிந்துவிட்டது, ஆளைக் காப்பாற்றிவிட்டோம் என்று டிவிக்காரர்களிடம் பொய் சொல்லி எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். அவன் அங்கேயே கிடக்கிறான், வானத்தைப் பார்த்துக்கொண்டு. கேமரா மேலே மேலே போகிறது.

எதிர்த்தரப்பும் உள்ளூர்க்காரர்களும் இந்தப் படங்களில் எங்கே?

பெரும்பாலும் ஜன்னலில் தெரியும் நிழல். மொகதிஷுவில் அந்த மோதலில் 18 அமெரிக்கர்கள் செத்தார்கள். சோமாலியர்கள் நூற்றுக்கணக்கில். படத்தில் அவர்கள் ஓடி வந்து விழும் கூட்டம் மட்டும்தான். கடைசியில் அமெரிக்கர்களை மீட்கக் கவச வண்டிகளோடு போன பாகிஸ்தான், மலேசியப் படைகளுக்கும் படத்தில் இடம் சொற்பம். இந்தப் படத்துக்கு அமெரிக்க ராணுவமே ஹெலிகாப்டர்களையும் ஆட்களையும் கொடுத்து உதவியது என்பதை மறக்க வேண்டாம். நோலனின் ‘டன்கர்க்’கிலும் இந்தக் குறை உண்டு. 1940இல் பிரான்ஸின் டன்கர்க் கடற்கரையில் கோவேறு கழுதைகளோடு சில நூறு இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். படத்தில் தேடினாலும் கிடைக்க மாட்டார்கள்.

2025இல் வந்த ‘வார்ஃபேர்’ கொஞ்சம் பரவாயில்லை. ஈராக்கின் ரமாதியில் ஒரு வீட்டுக்குள் அமெரிக்கப் படை புகுந்து, அந்தக் குடும்பங்களை ஓர் அறையில் அடைத்துவிட்டு மேலே உட்கார்ந்துகொள்கிறது. சண்டை முடிந்து படை வெளியேறியபின், கேமரா படையோடு போகாமல் அங்கேயே நிற்கிறது. சுவர் இடிந்த வீட்டில் அந்தக் குடும்பம் மெதுவாக வெளியே வருகிறது. தெருவில் எதிர்த்தரப்பினர் ஒவ்வொருவராக வந்து நிற்கிறார்கள். தெரு மறுபடி அவர்களிடமே.

நம் பக்கத்துப் போரைப் பற்றி?

இலங்கைப் போரைப் பற்றி ஒன்றே ஒன்று பாருங்கள் என்றால், பிரசன்ன விதானகேயின் சிங்களப் படமான ‘புரஹந்த களுவர’வைச் சொல்வேன் (1997). சண்டைக் காட்சி கிடையாது. வறண்ட ஒரு கிராமம், கண் தெரியாத கிழவர் வன்னிஹாமி. படையில் இருந்த மகனின் உடல் என்று முத்திரை வைத்த பெட்டி வீட்டுக்கு வருகிறது. திறக்கக் கூடாது. புதைத்துவிடுகிறார்கள். அரசு நஷ்டஈடு தரும், தாளில் அப்பா கைநாட்டு வைத்தால் போதும். வீட்டில் பணத்தேவை கழுத்தை நெரிக்கிறது. கிழவர் மாட்டேன் என்கிறார், மகன் சாகவில்லை என்கிறார். ஊரே அவருக்குப் புத்தி சொல்கிறது. கடைசியில் அவரே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டியைத் தோண்டுகிறார். உள்ளே வாழைமரத் துண்டும் கல்லும்.

2000இல் இலங்கை அரசு இதைத் தடை செய்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது.

எதில் தொடங்கலாம்? வீட்டில் பிள்ளைகளோடு பார்க்கலாமா?

‘பாத்ஸ் ஆஃப் க்ளோரி’யில் தொடங்குங்கள். ஒன்றரை மணி நேரம்தான், கறுப்பு வெள்ளை, வளர்ந்த பிள்ளைகளோடு பார்க்கலாம். அப்புறம் ‘நோ மேன்ஸ் லேண்ட்’. ‘கம் அண்ட் சீ’யைப் பிள்ளைகளுக்குப் போட வேண்டாம், நீங்களும் ராத்திரியில் தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டாம். ‘வார்ஃபே’ரை ஹெட்போன் போட்டுப் பாருங்கள், ஆனால் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து.